கேள்வி-பதில்: இளவரசர் வீட்டுப் பூச்சாடி

பெய்ஜிங்கில் கோங் இளவரசர் மாளிகைக்குப் போய் வந்தவர்கள் எழுதியவை.

கே: ஒருவர் 150 யுவான் வாங்கிக்கொண்டு நுழைவுச் சீட்டு எடுத்துத் தந்தார். உள்ளே விலை 40 என்று இருந்தது. மீதியைக் கேட்கலாமா?

ப: கேளுங்கள், கிடைக்காது. பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து நீங்களே பதிவு செய்திருக்கலாம்.

கே: திங்கட்கிழமை போனோம். மூடியிருந்தது.

ப: திங்கள் அங்கே விடுமுறை. கிளம்பும் முன் பார்க்க வேண்டாமா?

கே: 80 யுவான் பேசி அம்மாவுடன் ரிக்‌ஷாவில் ஏறினேன். இறங்கும்போது ஆளுக்கு 80, சந்துகளைச் சுற்றிக் காட்டியதற்குத் தனியாக 200 என்று மறித்துக்கொண்டார். அம்மா பயந்துவிட்டார்.

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. விலை பேசித்தானே ஏறினீர்கள்? அம்மாவிடமும் அதைச் சொல்லுங்கள். அடுத்த முறை மொத்தத் தொகையை எழுதிக் காட்டச் சொல்லி, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறித்தால் உடனே 110க்குப் போன் செய்யுங்கள். அங்கே போலீஸ் எண் அதுதான்.

கே: மாளிகைக்கு அருகே ஒரு கடையில் 3,000 யுவானுக்குப் பூச்சாடி வாங்கினேன். இளவரசர் வீட்டுப் பொருள் என்று சான்றிதழும் தந்தார்கள். நம்பலாமா?

ப: நம்ப வேண்டாம். அந்த வீட்டைக் கட்டியவர் ஹேஷென், சியான்லொங் பேரரசரின் செல்லப்பிள்ளையான அமைச்சர். 1799இல் அவரைத் தற்கொலை செய்துகொள்ள வைத்து, சொத்து முழுவதையும் அரசு பறித்தது. பிறகுதான், 1850களில், வீடு கோங் இளவரசரான யீசினுக்கு வந்தது. அவர் பேரன் பூவெய் 1912இல் வீட்டுக் கலைப்பொருள்களை யாமனாகா என்ற ஜப்பானிய வணிக நிறுவனத்துக்கு விற்றார். மறு ஆண்டே அவற்றில் பல நியூயார்க்கில் ஏலம் போயின. அப்படி உலகெங்கும் சிதறிய பொருள், வாசலுக்குப் பக்கத்துக் கடையில் உங்களுக்காகவா காத்திருக்கும்? இன்னொன்று: 1911க்கு முந்தைய கலைப்பொருளைச் சீனாவிலிருந்து வெளியே கொண்டுபோகச் சட்டம் அனுமதிப்பதில்லை. உண்மையிலேயே பழையது என்றால் அதைத் தெரிந்தே உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். புதியது என்றால் ஏமாற்றியிருக்கிறார்கள். சான்றிதழை அச்சடித்ததும் விற்றவர்தானே! கதைக்கு விலை வைக்கும் இந்தப் பழக்கத்தின் மேல் எனக்குத் தீராத கோபம். நானும் ஒரு முறை, பழைய குடும்பத்து நகை என்று சொன்னதைக் கேட்டு, ஒரு மாதச் சம்பளத்தில் ஜேட் வளையல் வாங்கி அம்மாவுக்குக் கொடுத்தேன். வெறும் கண்ணாடி. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கே: தோட்டத்துக் குகையில் காங்சி பேரரசர் எழுதிய ‘ஃபூ’ (அதிர்ஷ்டம் என்று பொருள்படும் சீன எழுத்து) கல்வெட்டு இருக்கிறதே, அதன் அச்சுப் பிரதி வாங்கலாமா?

ப: பிடித்திருந்தால் வாங்குங்கள். காகிதத்துக்கும் அச்சுக்கும் உள்ள விலையைக் கொடுங்கள், அதிர்ஷ்டம் வரும் என்று கூடுதலாகக் கேட்டால் திருப்பி வைத்துவிடுங்கள்.