வீட்டில் வெப்பம் குறைய, கரண்ட் மிச்சமாகச் செய்யும் வேலைக்குத் தனிப் பயிற்சி எதற்கு? கொத்தனார், பெயின்டர் போதாதா?

கட்டி முடித்த வீட்டை இடிக்காமல், வெயிலின் சூடு உள்ளே இறங்காதபடி சீர்செய்வதுதான் இந்த வேலை. செய்யப்போவது அதே கொத்தனாரும் பெயின்டரும்தான். ஆனால் சூடு எந்த வழியாக வருகிறது என்று பார்க்கப் பழகியிருக்க வேண்டும், பயிற்சி அதற்குத்தான்.

சென்னையில் அந்த வழி பெரும்பாலும் மொட்டை மாடி. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட், இரவில் அதை மெதுவாக அறைக்குள் விடுகிறது. ராத்திரி பதினொரு மணிக்கும் ஃபேன் அனலாய் வீசுவது அதனால்தான். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் போதாதா என்று தோன்றும். பாசியைச் சுரண்டி, தட்டோடுகளுக்கு இடையிலான விரிசலை அடைத்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு அடித்தால்தான் அது நிற்கும். ஈரத்தின் மேல் அடித்த பூச்சு ஒரே ஐப்பசி மழையில் அப்பளம் போல உரிந்து வந்ததை எங்கள் மாடியிலேயே பார்த்தேன். பணமும் போச்சு, ஒழுகலும் நிற்கவில்லை.

காசிமேட்டில் மீன் வாங்குகிறவர்களுக்குத் தெரியும்: தெர்மாகோல் பெட்டியின் மூடி சரியாக உட்காராவிட்டால் எவ்வளவு ஐஸ் போட்டாலும் உருகிவிடும். ஏசி அறையின் கதவிடுக்கும் அப்படித்தான்.

2018-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற, குடியிருப்புகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கான கட்டட விதித்தொகுப்பு, கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு வரம்பு வைத்தது. ஆனால் அது முக்கியமாகப் புதுக் குடியிருப்புகளுக்கானது. பழைய வீடுகளுக்குப் பழகிய கைகள்தான் வேண்டும்.

இதெல்லாம் ஏசி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபேன் மட்டுமே ஓடும் மேல்மாடி வாடகை வீட்டுக்குத்தான் இது முதலில் தேவை.