சிந்தடிக் ஆயிலுக்கு மாறலாமா?

கேள்வி: என்னுடையது டர்போ இல்லாத பழைய பெட்ரோல் கார். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இதுவரை மினரல் ஆயில்தான். சிந்தடிக்குக்கு மாறினால் இன்ஜின் ஆயுசு கூடும் என்கிறார் ஒருவர். மாறினால் ஆயில் ஒழுகும் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவரையும் விடுங்கள், காரோடு வந்த கையேட்டை எடுங்கள். ஆயில் பக்கத்தில் 5டபிள்யூ-30 போல ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் ஒரு கிரேடும், ஏபிஐ எஸ்என் போல ஒரு தரக்குறியும் இருக்கும். கிரேடு தப்பிய சிந்தடிக்கைவிட கிரேடு சரியான மினரல் ஆயில் எவ்வளவோ மேல். கையேடே சிந்தடிக் கேட்டிருந்தால் பேச்சே இல்லை, அதைத்தான் ஊற்ற வேண்டும்.

எது வேண்டுமானாலும் ஊற்றலாம் என்றிருந்தால், நீங்கள் ஓட்டும் விதம்தான் கணக்கு. கச்சா எண்ணெயிலிருந்து வடித்தெடுக்கும் மினரல் ஆயிலில் கொஞ்சம் மெழுகும் தங்கியிருக்கும், கடுங்குளிரில் கெட்டிப்படும். வேதிமுறையில் தயாரிக்கும் சிந்தடிக் அப்போதும் இளகியே இருப்பதால், ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வு வரை சீக்கிரம் ஏறிவிடும். அதிகச் சூட்டிலும் லேசில் ஆவியாகாது, கரி பிடிக்காது. சூடு அதிகம் ஏறும் டர்போ வண்டிகளுக்கு அதைச் சொல்வது இதனால்தான். உங்களுக்கோ டர்போ இல்லை. கடுங்குளிர், மலைப்பாதை, பாரம் இழுப்பது எதுவும் இல்லையென்றால், நேரத்துக்கு மாற்றும் மினரல் ஆயிலே போதும் என்பேன்.

நேரத்துக்கு என்றால் கிலோமீட்டர் மட்டுமல்ல. பக்கத்திலேயே போய்வரும் காரில் இன்ஜின் முழுதாகச் சூடாவதில்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். பாலாடை மாதிரி படிந்திருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். கூடவே இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்தால் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள், இன்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். குறுகிய ஓட்டத்துக்குச் சிந்தடிக் ஊற்றினாலும் கையேடு சொல்லும் மாதக் கணக்கைத் தாண்டக் கூடாது.

ஒழுகும் கதை ஆரம்பகால சிந்தடிக்கோடு வந்தது. ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் சீல்கள் சிலவற்றை அது சுருக்கியது உண்மைதான். இப்போதைய ஆயில்களில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் உங்கள் சீல் ஏற்கெனவே வெடித்து, பிசுக்கு அதை அடைத்துக்கொண்டிருந்தால், பிசுக்கு கரைந்ததும் கசிவு வெளியே தெரியும். பழி புது ஆயில்மேல் விழும்! மாறுவதற்கு முன் இன்ஜின் மேலே உள்ள வால்வு கவர் ஓரத்தையும், அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பையும் துடைத்துவிட்டு, சில நாள் கழித்துப் பாருங்கள். நனைந்திருந்தால் முதலில் சீல் வேலை.

இரண்டும் கலந்துவிட்டால் இன்ஜின் கெட்டுவிடாது, கிரேடு ஒத்துப்போனால் சரி. எது ஊற்றினாலும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். விலை கூடிய ஆயிலைப் பழைய ஃபில்டரோடு ஓட்டுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும்.