சிட்னியா, மெல்போர்னா? கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

வேலை நிமித்தம் சிட்னியில் ஆறு வருடம் இருந்தேன். இப்போது மெல்போர்னில் ஒன்பதாவது வருடம். ஆஸ்திரேலியா சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, லீவு மொத்தமே ஐந்து நாள். ஒரு ஊர்தான் முடியும். எது?

சிட்னி. மெல்போர்னில் குடியிருந்துகொண்டு இப்படிச் சொன்னால் வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை. சிட்னியின் அழகைத் தேடிப் போக வேண்டியதில்லை. சர்க்குலர் கீ படகுத்துறையில் நின்றாலே ஒரு பக்கம் ஆபரா ஹவுஸ், மறுபக்கம் 1932-ல் திறந்த துறைமுகப் பாலம். அங்கேயே மேன்லி போகிற ஃபெர்ரியில் ஏறிவிடுங்கள். பஸ், ரயிலுக்கு வைத்திருக்கும் அதே கார்டு போதும், அரை மணி நேரத்தில் துறைமுகம் முழுக்கப் பார்த்துவிடலாம். இதை விட்டுவிட்டு உல்லாசப் படகுக்குக் காசைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஒரு நாள் பாண்டை கடற்கரையிலிருந்து கூஜீ வரை பாறை ஓரமாக 6 கிலோமீட்டர் நடை. இன்னொரு நாள் ரயிலில் இரண்டு மணி நேரம், புளூ மவுண்டன்ஸ் மலையில் இருக்கும் கட்டூம்பா.

மெல்போர்னில் இப்படி இறங்கியதும் கண்ணில் படுகிற மாதிரி எதுவும் இல்லை. சந்து சந்தாகச் சுற்றி, காபி குடித்து, டிராமில் ஊரை வளைய வந்தால் மெதுவாகப் பிடிக்கும். அதற்கு ஐந்து நாள் போதாது.

கேள்வி: இந்த இரண்டு ஊருக்கும் அப்படி என்ன வாய்க்கால் தகராறு?

தங்கம்தான் ஆரம்பம். சிட்னி மூத்த ஊர். 1851-ல் மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா தனிக் காலனியாகப் பிரிந்தது, அதே வருடம் அங்கே தங்கமும் கிடைத்தது. மெல்போர்ன் மளமளவென்று வளர்ந்து மூத்தவளையே முந்திவிட்டது. 1901-ல் காலனிகள் எல்லாம் சேர்ந்து ஒரே நாடானபோது தலைநகரை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள்: தலைநகர் சிட்னி இருக்கும் மாநிலத்தில்தான் அமையும், ஆனால் சிட்னியிலிருந்து குறைந்தது 100 மைல் தள்ளி. அது தயாராகும்வரை நாடாளுமன்றம் மெல்போர்னில் கூடும். அப்படிப் பிறந்ததுதான் கான்பெரா. 1927-ல்தான் நாடாளுமன்றம் அங்கே குடிபோனது.

ரயிலிலும் இதே கதை. சிட்னிப் பக்கம் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், விக்டோரியாவில் 1,600. எல்லையில் ஆல்பரி ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு இறங்கி வேறு ரயில் ஏற வேண்டும். 1962-ல்தான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

இப்போதும் ஓயவில்லை. 2023-ல் மக்கள்தொகையில் மெல்போர்ன் முந்திவிட்டது என்று செய்தி வந்தது. பக்கத்திலிருந்த மெல்டனையும் சேர்த்து எண்ணியதால் வந்த வெற்றி அது! சிட்னிக்காரர்கள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கேள்வி: சார், எழுபது வயசு அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறேன். மெல்போர்னில் எந்நேரமும் மழையாமே?

மழை அளவில் சிட்னிதான் அதிகம், ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கே கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கும். மெல்போர்னில் தூறலும் காற்றுமாக நச்சரிக்கும், அதனால்தான் அந்தக் கெட்ட பெயர். கோடையில் உள்நாட்டுப் பாலைவனத்திலிருந்து வடகாற்று அடித்து 40 டிகிரியைத் தொடும். சாயங்காலம் தெற்கிலிருந்து கடல்காற்று திரும்பினால் அரை மணி நேரத்தில் ஸ்வெட்டர் தேட வேண்டியிருக்கும். மார்ச், ஏப்ரலில் கூட்டி வாருங்கள், இரண்டு ஊருமே இதமாக இருக்கும்.

பெரியவர்களுக்கு மெல்போர்ன் ஒரு விதத்தில் வசதி. நகர மையத்துக்குள் டிராம் இலவசம். அந்த எல்லைக்குள் மட்டும் போவதானால் கார்டைத் தட்டாதீர்கள், தட்டினால் காசு போய்விடும். ஆனால் விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது, பஸ்ஸோ டாக்ஸியோதான். சிட்னியில் ரயில் உண்டு. அந்த ஸ்டேஷனுக்கென்று தனிக் கட்டணம் வாங்குவார்கள், நான்கு பேராக இருந்தால் டாக்ஸியையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு டெஸ்ட் மேட்சாவது நேரில் பார்க்கணும். எந்த மைதானம்?

டிசம்பர் 26 மெல்போர்ன், ஜனவரி முதல் வாரம் சிட்னி. முடிந்தால் இரண்டும். மெல்போர்ன் மைதானத்தில் 1 லட்சம் பேர் உட்காரலாம். 1877-ல் முதல் டெஸ்ட் நடந்தது இங்கேதான். 1971-ல் மழையில் ஒரு டெஸ்ட் வீணாகி, அதற்குப் பதில் ஆடியதுதான் முதல் ஒருநாள் போட்டி. பிரமாண்டம் என்றால் இதுதான்.

ஆனால் எனக்குச் சிட்னி மைதானம்தான் நெருக்கம். பழைய பச்சைக் கூரை மாடங்கள், ஆட்டம் பக்கத்தில் தெரியும். 2021 ஜனவரியில் நம்ம அஸ்வின் முதுகுவலியோடும், விஹாரி தொடை பிடிப்போடும் கடைசி நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கட்டை போட்டு டிரா செய்த இடம் அது. (மெல்போர்ன் நண்பர்கள் இதைப் படிக்க வேண்டாம்.) அறையை மட்டும் பல மாதம் முன்பே பிடித்துவிடுங்கள், புத்தாண்டு வாணவேடிக்கைக்காக வாடகை எகிறும்.

கேள்வி: மெல்போர்னிலிருந்து கிரேட் ஓஷன் ரோடு என்கிற கடலோரச் சாலை ஒரே நாளில் முடியுமா?

முடியும், இடுப்பு ஒடியும். வழியில் அப்பல்லோ பே என்ற ஊரில் ஒரு ராத்திரி தங்குங்கள். ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்’ பாறைகளை எண்ணிப் பார்த்துவிட்டு ஏமாந்தோம் என்று சொல்லாதீர்கள். பன்னிரண்டு எப்போதுமே இருந்ததில்லை, 2005-ல் அதிலும் ஒன்று சரிந்துவிட்டது.

கேள்வி: இரண்டு ஊரையும் பார்க்க டிக்கெட் எப்படிப் போடுவது? சாப்பாடு?

ஒரு ஊரில் இறங்கி மற்ற ஊரில் திரும்ப ஏறுகிற மாதிரி போடுங்கள். நடுவில் விமானம் ஒன்றரை மணி நேரம். ரயில் பதினொரு மணி நேரம், ஜன்னல் பைத்தியங்களுக்கு மட்டும். நம்ம ஊர்ச் சாப்பாட்டுக்குச் சிட்னியில் ஹாரிஸ் பார்க், இலங்கைச் சமையலுக்குப் பெண்டில் ஹில். மெல்போர்னில் டான்டினாங்.

ஊரிலிருந்து பொடி, ஊறுகாய் கொண்டுவந்தால் விமானத்தில் தரும் படிவத்தில் உணவு இருக்கிறது என்று குறித்துவிடுங்கள். மறைத்தால் அபராதம் பெரிசு. என் அம்மா எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். அந்த அதிகாரி பருப்புப் பொடியை முகர்ந்து பார்த்துவிட்டு, இதை எதோடு சாப்பிடுவீர்கள் என்று கேட்டு, அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.