திதியும் செய்தித்தாளும்

மதிப்பிற்குரிய அம்மா,

பர்மாத் தமிழரைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என் தாத்தாவின் தமையனார் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், மேலாளுக்கு அடுத்த பணியாளரான அடுத்தாளாக இருந்தார். 1941 கார்த்திகையில் அவர் எழுதிய அஞ்சலட்டைதான் கடைசி. "ரங்கூன் குண்டில் போய்விட்டார்" என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அந்நாளைய ரங்கூன் செய்தித்தாள்களில் இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் வந்திருக்குமா? எங்கே தேடுவது? ஆண்டு தவறாமல் அவருக்குத் திவசம் கொடுக்கிறோம். எங்கே, எப்படி இறந்தார் என்று தெரியாமலே கொடுப்பது மனத்தை உறுத்துகிறது.

ச., தேவகோட்டை

அன்புள்ள ச.,

திவசம் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எந்தத் திதியில் என்று எழுதவில்லை. செய்தித்தாளைத் திறப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் அதைக் கேளுங்கள். ரங்கூன் மீது முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை காலை. இரண்டாவது தாக்குதல் 25ஆம் தேதி. இரண்டு நாளும் விஷு வருஷத்து மார்கழி வளர்பிறையில் வருகின்றன. உங்கள் வீட்டுத் திதியும் அதையொட்டி இருந்தால், குண்டில் இறந்தார் என்ற பேச்சை நம்பித் தேடலாம். வேறு மாதமாக இருந்தால், தேட வேண்டிய தாளும் வேறு, ஊரும் வேறு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் பாட்டியின் தம்பி துறைமுகத்தில் குண்டுக்குப் பலியானவர் என்று கேட்டே யாங்கோனில் (அன்றைய ரங்கூன்) நாங்கள் வளர்ந்தோம். சென்னைக்குப் போனபோதெல்லாம் 1941 டிசம்பர், 1942 ஜனவரித் தாள்களை, தொட்டால் ஓரம் உதிரும் அந்தப் பழுப்புத் தாள்களை, வரி விடாமல் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. பிறகொரு நாள் என் சின்னம்மா, "மாசித் தேய்பிறைத் தசமிக்குத்தானே அம்மா அவருக்கு இலை போடுவாள்" என்று பேச்சுவாக்கில் சொன்னார். அந்த ஆண்டு அது மார்ச் இரண்டாம் வாரம். மார்ச் 7ஆம் தேதி ஆங்கிலேயப் படை ரங்கூனை விட்டு வெளியேறியது. மறுநாள் ஜப்பானியர் நுழைந்தனர். அப்படியானால் அவர் டிசம்பர் குண்டுக்குத் தப்பி, புரோம் வரை போய், அரக்கான் மலையைக் கடந்து டவுங்கப் கரையை அடைய நடந்த கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பாதையில் வாந்திபேதி கொண்டுபோனவர்கள் ஏராளம். தேடலை ஏப்ரல் மாதத்துக்கு நகர்த்தியபோது, கல்கத்தா வழியாக ரயிலில் சென்னை வந்து சேர்ந்த அகதிகள் சொன்னவை ஒரு பத்தியாக வந்திருந்ததைக் கண்டேன். அதில் எங்கள் பூர்வீக ஊரைக் குறிப்பிட்டு, அவ்வூரார் மூவர் மலைவழியில் பேதியில் இறந்ததாக ஒரே ஒரு வரி. பெயர் இல்லை. ஆனாலும் அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

செய்தி வந்து சேர்ந்த நாளையே திதியாக வைத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. அமாவாசையில் கொடுத்துவிட்டவர்களும் உண்டு. ஆகையால் திதி கிடைத்ததும், அது இறந்த நாளா, தந்தி வந்த நாளா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர்ப்பட்டியலை எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். டிசம்பர் 23 அன்று விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்ற கூட்டத்தின் மீதும் துறைமுகத்தின் மீதும் குண்டுகள் விழுந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். போர்க்காலத் தணிக்கையும் இருந்தது. ரங்கூன் கெஜட், ரங்கூன் டைம்ஸ் போன்ற ஆங்கிலத் தாள்கள் நகரம் காலியானதோடு நின்றுபோயின. வெள்ளைக்கார அதிகாரி இறந்தால் பெயர் வரும். நம்மவர் இறந்தால் 'மதராஸி', 'கூலி' என்று எண்ணிக்கையில் முடிந்துவிடும். மின்வடிவத் தொகுப்புகளில் 'தமிழர்' என்று மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். இந்தச் சொற்களையும், தமிழ் முஸ்லிம்களைக் குறித்த 'சூலியா' என்பதையும், தெருப் பெயர்களையும் போட்டுத் தேடுங்கள். யாங்கோனுக்கு அருகே உள்ள தவுக்கியான் போர்க் கல்லறைத் தோட்டத்து நினைவுத் தூண்களில் ஏறத்தாழ 27,000 பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன, அவர்கள் படைவீரர்கள். கிட்டங்கி அடுத்தாளை அங்கே தேடுவதில் பயனில்லை.

உங்களுக்கு உதவக்கூடியவை ஊர்ப்பக்கத்துத் தாள்களே. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் வெளிவந்த நகரத்தார் இதழ்களையும், சென்னையின் சுதேசமித்திரன், தினமணி இரண்டையும் 1942 ஜனவரியிலிருந்து ஆறு மாதத்துக்குப் பாருங்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தொடங்கலாம். அந்தத் தொகுப்பே கோட்டையூரில் உருவானது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பை வீட்டிலிருந்தே பார்க்கலாம். டிசம்பர் 24க்குப் பிந்தைய தாள்களில் ரங்கூன் செய்திகள் உண்டு. தலைப்புச் செய்தியை விட, 'இன்னார் எங்கிருந்தாலும் தெரிவிக்கவும்' என்று உறவினர் கொடுத்த சிறு விளம்பரங்களையும், கருமாதி அறிவிப்புகளையும், கடை மூடிய அறிவிப்புகளையும் கவனியுங்கள். அவற்றில் ஆளின் பெயரைக் காட்டிலும் கடையின் விலாசம், அதாவது கடையைக் குறிக்கும் முதலெழுத்துக்கள், எளிதில் கண்ணில் படும். ஒரு கிட்டங்கியின் மேலாள் உயிரோடு திரும்பியிருந்தால், அவர் வீட்டுப் பழைய பேரேட்டில் உங்கள் பெரிய தாத்தாவின் சம்பளக் கணக்கு எந்தத் தேதியில் தீர்க்கப்பட்டது என்றுகூட இருக்கலாம். அந்த வீடு தேவகோட்டையிலேயே இருக்கக்கூடும் என்பதால் முதலில் அங்கே விசாரியுங்கள்.

அந்த அஞ்சலட்டையின் இரு பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். முத்திரையும் கடை எண்ணும் தெளிவாகத் தெரிந்தால் போதும். மொகல் தெருவுக்கு இப்போது ஷ்வே பொந்தா தெரு என்று பெயர். அங்கே நேரில் போய், அந்தக் கட்டிடம் இன்னும் நிற்கிறதா என்று பார்த்து உங்களுக்கு எழுதுகிறேன்.