பால் போதவில்லையா? தாய்மார்களின் கேள்விகளுக்குப் பிரசவ வார்டு செவிலியரின் பதில்கள்

கேள்வி: பிரசவமாகி 2 நாள். பாலே வரவில்லை.

மஞ்சளாகப் பிசுபிசுவென்று கசிகிறதே, அந்தச் சீம்பால்தான் இப்போதைய பால். சில சொட்டே போதும். 3, 4ஆம் நாளில் மார் கனத்துப் பால் இறங்கும். சிசேரியன் என்றால் சற்றுத் தள்ளலாம். அதுவரை சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம்.

கேள்வி: 20 நாள் குழந்தை ஓயாமல் அழுகிறான். பால் பத்தவில்லை என்கிறார் மாமியார்.

அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள் அம்மா, ஈரத்துணியை எண்ணுங்கள். நாளைக்கு 6 துணியாவது நனைந்து, பிறந்த எடையையும் எட்டியிருந்தால் பால் போதுகிறது. இல்லையென்றால் முதலில் வாயைப் பாருங்கள். காம்பை மட்டும் சப்பினால் உங்களுக்கு வலிக்கும், அவனுக்குப் பால் வராது. மூக்குக்கு நேரே காம்பை வைத்து, வாயை அகலத் திறந்ததும் சட்டென்று அணைத்துக்கொள்ளுங்கள். கருவட்டம் பெரும்பாலும் உள்ளே போய், கீழுதடு வெளியே மடங்கி, தாடை மாரில் அழுந்த வேண்டும். 'க்ளக்' என்று விழுங்கும் சத்தம் கேட்கும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, இரவிலும்தான். மார் காலியாகக் காலியாகத்தான் ஊறும். எடை ஏறவில்லையென்றால் காத்திருக்காமல் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பம்பில் 30 மில்லிதான் வருகிறது.

பம்பு அளவுகோல் இல்லை. குழந்தை அதைவிட நன்றாக இழுக்கும்.

கேள்வி: பால் சுறா புட்டு சாப்பிட்டால் ஊறுமா?

சாப்பிடுங்கள், பூண்டும் முருங்கைக்கீரையும் கூட. பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்ல சாப்பாடு வேண்டும். ஆனால் சுறாவைத் தின்றுவிட்டுப் பால் கொடுக்கும் இடைவெளியை நீட்டினால் பால் ஊறாது.

கேள்வி: அப்படிச் சொல்லாதீர்கள். என் மகளுக்குச் சுறாதான் பால் கொடுத்தது.

உங்கள் கைப்பக்குவத்தை நான் குறை சொல்லவில்லை அம்மா. புட்டு செய்து கொடுத்த நீங்கள் பிள்ளையையும் அடிக்கடி மாரில் போடச் சொல்லியிருப்பீர்கள், மகளை ஓய்வெடுக்க விட்டிருப்பீர்கள். அதுவும் சேர்ந்துதான் ஊறியது. எனக்குக் கோபம் பத்தியத்தின் மேல்தான். பால் கொடுப்பவளைத் தாகத்தோடு உட்கார வைத்து, சோற்றையும் அளந்து போடுவது கொடுமை.

கேள்வி: தேன் கொஞ்சம் நாக்கில் தடவலாமா?

கூடாது. இதைக் கேட்பவர் இன்று நீங்கள் நான்காவது ஆள். ஒரு வயது வரை தேனே கூடாது, அதில் இருக்கும் கிருமி குழந்தையை முடக்கிவிடும். பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்புத் தொட்டுச் சேனை வைக்கும் பெரியவர்களிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: தைராய்டு இருக்கிறது, பிரசவத்தில் ரத்தமும் நிறையப் போனது.

இரண்டுமே பாலைக் குறைக்கக்கூடியவை. டாக்டரைப் பாருங்கள், மாத்திரை எதையும் நீங்களாக வாங்க வேண்டாம்.

கேள்வி: எடை ஏறாததால் டாக்டர் பவுடர் பால் சேர்க்கச் சொன்னார். குற்ற உணர்வாக இருக்கிறது.

நீங்கள் செய்வது சரிதான், கண்ணைத் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் மாரில் போடுங்கள், அப்புறம் பாலாடைச் சங்கில் பவுடர் பால். டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கரையுங்கள், நீர்க்க விடாதீர்கள். அடுத்த வாரம் எடை போட்டுவிட்டு என்னிடம் சொல்லுங்கள்.