திக்கித் திணறும் கேம் பிசி: கேள்வி-பதில்

கே: 2023-இல் மதுரையில் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ9-13900கே பிராசஸர், 24 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. கேமைத் திறந்தாலே ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று மூடிக்கொள்கிறது. கடைக்காரர் கார்டை மாற்றச் சொல்கிறார். (கீழக்கரை)

ப: கார்டுக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் பிராசஸரில்தான். கேம் திறக்கும்போது ஷேடர்களை (படம் வரைய கார்டுக்குப் போகும் சிறு நிரல்களை) விரித்துத் தயார் செய்வது பிராசஸர். அது தப்பாகக் கணக்குப் போட்டால் இந்தப் பொய்யான பிழை வரும். உங்கள் 13900 போன்ற 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தேய்ந்துபோவதை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது.

மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புது பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றுங்கள். அதனுடன் வரும் மைக்ரோகோட் (சிப்புக்கான திருத்தம்) 0எக்ஸ்12பி (0x12B) அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும். பயாஸில் ‘இன்டெல் டீஃபால்ட்’ தேர்ந்தெடுத்து, ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பியை அணைத்துப் பாருங்கள். அப்படியும் மூடிக்கொண்டால் பி-கோர் மல்டிப்ளையரை (பிராசஸரின் முக்கிய கோர்களின் வேகத்தை நிர்ணயிக்கும் எண்) 53-க்கு இறக்குங்கள். இப்போது கேம் ஓடினால் சிப் ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று அர்த்தம். பயாஸ் இனி வரும் சேதத்தைத் தடுக்கும், வந்ததைச் சரிசெய்யாது. பெட்டியோடு வாங்கிய சிப்புக்கு வாரன்டியை 3 ஆண்டிலிருந்து 5 ஆக்கியிருக்கிறார்கள். சிப்பை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கே: அதே மாதிரி சிக்கல்தான். ஆனால் பில்லில் ‘கேமிங் பிசி 1 செட்’ என்று மட்டும் இருக்கிறது. (மண்டபம்)

ப: இந்த ஒற்றை வரி பில்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெட்டி இல்லாத ட்ரே சிப்பைப் பெட்டி விலைக்குத் தள்ளிவிட இதைவிட வசதி எது? என்னிடமும் ஒரு கடை அப்படித்தான் விற்றது. ட்ரே சிப்புக்கு இன்டெல் நேரடியாக மாற்றித் தராது, விற்றவர்தான் பொறுப்பு. பிராசஸர், போர்டு, ரேம், கார்டு, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) ஒவ்வொன்றுக்கும் மாடலும் சீரியல் எண்ணும் பில்லில் வேண்டும். எழுதித் தராத கடையில் பணம் கட்டாதீர்கள்.

ஏமாந்தது உங்கள் தப்பில்லை. கடைக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அடுத்தது நுகர்வோர் ஆணையம். கடை மதுரையில் இருந்தாலும் ராமநாதபுரத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, கெடு 2 ஆண்டு.

கே: கடலோர வீடு. 16 ஜிபி ரேம், ஒரே ஸ்டிக். கேம் விட்டுவிட்டு ஓடுகிறது. சில நாள் ஸ்கிரீனே வருவதில்லை. (பாம்பன்)

ப: இரண்டும் தனித்தனிச் சிக்கல். ஒற்றை ஸ்டிக்கில் மெமரியின் வேகம் பாதிதான் கிடைக்கும். 8 ஜிபி இரண்டு சேர்ந்த கிட் வாங்கி, பிராசஸர் பக்கத்திலிருந்து 2, 4-ஆவது ஸ்லாட்டில் போடுங்கள். ஸ்கிரீன் வராததற்கு உப்புக்காற்று காரணமாக இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, தங்க முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடைத்துக் காயவிட்டுச் செருகுங்கள். முனையில் பச்சை பூத்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். கேபினெட்டைக் கடல் பக்க ஜன்னலடியில் வைக்காதீர்கள்.

கே: புது கார்டு போட்டும் கேம் பழையபடியே திக்குகிறது. மானிட்டர் கேபிள் பழைய இடத்தில்தான் இருக்கிறது. (தேவிபட்டினம்)

ப: போர்டிலிருந்து கழற்றிக் கார்டில் செருகுங்கள். கார்டோடு வந்த தாளைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கே: பில் இல்லாத பழைய ஐ7-14700கே பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (தொண்டி)

ப: வேண்டாம்.