டிவியும் கற்பனையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாட்களில் கொஞ்சம் கதை எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது வேலை முடிந்து வந்து, ஓடிக்கொண்டிருக்கும் டிவி முன்னால் தட்டோடு உட்கார்ந்தால் பத்தரை வரை எழுந்திருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை எழுத உட்கார்ந்தாலோ இரண்டு பத்திக்கு மேல் நகரவில்லை. டிவி பார்த்தால் கற்பனை வற்றிவிடும் என்கிறார்களே, உண்மையா? நான் சீரியல் பார்ப்பவன் அல்ல. கிரிக்கெட், செய்தி, நல்ல ஆவணப்படங்கள்தான்.

கே.

அன்புள்ள கே.,

கடைசி வரியில் முன்ஜாமீன் வாங்கிவிட்டீர்கள். ஆனால் எதைப் பார்க்கிறீர்கள் என்பதை நான் அவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு சின்ன ஊர். பள்ளத்தாக்கில் இருந்ததால் 1973 வரை அங்கே டிவி சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை, மற்றபடி சாதாரண ஊர்தான். டிவி வரப்போகிறது என்று தெரிந்ததும் டேனிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் தன் குழுவோடு அங்கே போய், ஊருக்கு 'நோட்டெல்' என்று புனைபெயர் வைத்து, ஒரு சேனல் வரும் ஊரோடும் பல சேனல் வரும் ஊரோடும் ஒப்பிட்டு, டிவி வருவதற்கு முன்பும் வந்து இரண்டு வருடம் கழித்தும் ஆராய்ந்தார். ஒரு சாதாரணப் பொருளைச் சொல்லி, இதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று பிள்ளைகளிடம் கேட்கும் சோதனை ஒன்று. முதல் தடவை நோட்டெல் பிள்ளைகள் மற்ற இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் முந்தினார்கள். டிவி வந்தபின் அந்த முந்துதல் காணாமல் போனது.

என்னைப் பிடித்து நிறுத்தியது பெரியவர்களின் கதை. சட்டென்று பிடிபடாத புதிர்களை அவர்களிடம் கொடுத்தார்கள். டிவி இல்லாத காலத்து நோட்டெல்காரர்களில் விடை கிடைக்காமல் தோற்றவர்கள்கூட, கைவிடுவதற்கு முன்னால் மற்ற ஊர்க்காரர்களைவிட அதிக நேரம் முட்டிமோதியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு ஊரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு சொல்ல முடியாது, சரிதான். நோட்டெல்லில் டிவிக்குப் பிறகு பிள்ளைகளின் முரட்டுத்தனம் கூடியது. 1995இல் டிவி வந்த செயின்ட் ஹெலினா தீவில் பார்த்தபோது அப்படி ஒன்றும் கூடவில்லை. ஆனால் அந்த முட்டிமோதும் நேரம் இருக்கிறதே, எழுதுகிறவனுக்கு அதுதான் முதல். கதை மூன்றாவது பத்தியில் சிக்கிக்கொள்ளும், எல்லோருக்கும் சிக்கும். அப்போது ஒன்றும் தோன்றாமல் எரிச்சலோடு உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும். டிவி அந்த எரிச்சலை வரவே விடாது. இதில் நல்ல ஆவணப்படம் சீரியலைவிட மோசம் என்பேன், பார்த்து முடித்ததும் ஏதோ வேலை செய்துவிட்ட திருப்தி வேறு வந்துவிடும்!

கற்பனை வற்றியதாகத் தோன்றவில்லை. இரண்டு பத்தி வருகிறதே. உட்கார்கிற பழக்கம்தான் விட்டுப்போயிருக்கிறது. அதனால் வீட்டில் இருப்பவர்களோடு சண்டை போட்டு டிவியை அணைக்க வேண்டாம், அவர்கள் பார்க்கட்டும். நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போய்விடுங்கள். சாப்பிட்டதும் ஒரு மணி நேரம், வந்தாலும் வராவிட்டாலும், நோட்டு முன்னால். போன் ஹாலிலேயே இருக்கட்டும். கிரிக்கெட்டை மட்டும் விடச் சொல்லமாட்டேன், நானே விடுவதாக இல்லை.